துள்ளி ஆடுவதால் ஆடு அல்ல: மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேடையிலும் காணொளியிலும் சொற்பொருள் விளக்கும் அன்பர்களுக்கு, வணக்கம்.

"துள்ளி ஆடுகிறது, அதனால் ஆடு" என்று நீங்கள் சொன்னதும் கைதட்டல் விழுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தவறு. நம் பழைய நூல்களே அதை மறுக்கின்றன.

ஆட்டின் பழைய பெயர் யாடு. ஆண் ஆட்டுக்குரிய பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் இப்படிச் சொல்கிறது: "மோத்தையும் தகரும் உதளும் அப்பரும் யாத்த என்ப யாட்டின் கண்ணே." யாறு ஆறானது, யாண்டு ஆண்டானது, யாமை ஆமையானது. அதே வழியில் யாடும் முதலெழுத்தின் யகரத்தை உதறிவிட்டு ஆடாகிவிட்டது. 'யார்' என்பதைப் பேச்சில் 'ஆரு' என்கிறோமே, அதுவும் இந்தக் கதைதான். கூத்தாடுதல், நீராடுதல் என்னும்போது வரும் 'ஆடு' என்ற வினையோ அன்றும் ஆகாரத்தில்தான் தொடங்கியது. யாடுதல் என்று ஒரு வினை கிடையாது. தனித்தனியாக இருந்த இரண்டு சொற்கள் பிற்காலத்தில் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இது போதாது என்றால் பக்கத்து மொழிகளைப் பாருங்கள். நம் யாறு தெலுங்கில் 'ஏரு', யாண்டு 'ஏடு', யானை 'ஏனுகு'. நம் யா அங்கே ஏ ஆகிறது. துளுவில் ஆட்டுக்குப் பெயரே 'ஏடு'தான். ஆனால் ஆடுதல் என்ற வினைக்குத் தெலுங்கிலும் ஆகாரமே. பெயரும் வினையும் ஒரே வேரில் பிறந்திருந்தால் இப்படிப் பிரிந்து போயிருக்காது.

பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் இழுத்துவந்து ஏதாவது ஒரு வினையில் கட்டியே தீரவேண்டும் என்று என்ன கட்டாயம்? சுவையாகச் சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறதே. மேலே சொன்ன நூற்பாவில் வரும் தகரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊக்கமுள்ளவன் அடங்கியிருப்பதை, பாய்வதற்காகப் பின்வாங்கும் தகருக்கு ஒப்பிடுகிறது 486ஆம் குறள். அந்தச் சொல்லை நாம் பேச்சில் விட்டுவிட்டோம். கன்னடத்தில் இன்றும் செம்மறிக் கிடாய்க்கு 'டகரு' என்றுதான் பெயர். குட்டியைக் குறித்த 'மறி' நம்மிடம் செம்மறியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெண் ஆட்டுக்கு மூடு, கடமை என்றும் பெயர்கள் இருந்தன. 'அப்பர்' என்றால் கிடாய் என்று சொல்லிப் பாருங்கள், திருநாவுக்கரசர் அடியார்கள் முதலில் திடுக்கிடுவார்கள், அப்புறம் சிரிப்பார்கள்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றி மேடையில் பேசும் முன், அதன் பழைய வடிவம் என்ன, உறவுமொழிகளில் அது எப்படி ஒலிக்கிறது என்று அகராதியைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். 'ஆடுவதால் ஆடு' காணொளியை ஏற்கெனவே வெளியிட்டவர்கள், அதன் கீழேயே யாடு பற்றி ஒரு வரி சேர்த்துவிட்டால் நல்லது.

அன்புடன்,
உங்கள் பேச்சை விரும்பிக் கேட்கும் ஒருவன்