சூடு பண்ண வழி இல்லாதவங்க மத்தியான சாப்பாட்டப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

உங்க ஞாயித்துக்கிழம இணைப்புல வர்ற லஞ்ச் பாக்ஸ் குறிப்புகள நான் விடாம படிக்கிறவ. பனியன் கம்பெனில தச்ச துணிய சரிபாக்குற எங்க செக்கிங் செக்சன்ல அந்தப் பக்கத்த ஆளாளுக்கு போன்ல போட்டோ புடிச்சுக்குவாங்க. ஆனா பாருங்க, வர்றதெல்லாம் பனீர் கிரேவி, காளான் பிரியாணி, நூடுல்ஸ்னு வருது, கடைசி வரில சாப்பிடறதுக்கு முன்னாடி சூடு பண்ணிக்கவும்னு முடியுது. ஓவன் இருக்குற ஐடி ஆபீஸ்காரங்களுக்கு அது சரி. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு வர்ற எங்களுக்கு எங்கீங்க அடுப்பு இருக்கு? எட்டரை மணி ஷிப்ட்டுக்கு கம்பெனி வண்டி ஊரு ஊரா நின்னு ஆள் ஏத்திட்டு வரணும்னா ஏழு மணிக்கெல்லாம் போசிய, அதாங்க சாப்பாட்டு டப்பாவ, மூடி பையில வெச்சாகணும், அத தொறக்கறது ஒரு மணிக்கு, நடுவுல ஆறு மணி நேரம் அது சீட்டு கூரைக்கு அடியில வேக்காட்டுல கெடக்குது. ஜவுளிக்கடைல நிக்கிற புள்ளைங்க, செக்யூரிட்டி, தூய்மைப் பணிக்கு போறவங்க, கட்டட வேலைக்கு போறவங்க எல்லாருக்கும் இதே கதைதானுங்க.

இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். சூடா திங்கறதுக்குனு செய்யிறத ஆற வெச்சு திங்கறோம், அங்கதான் தப்பு நடக்குது. ஆறின பிறகு திங்கறதுக்குனே செய்யிற சாப்பாடு தனியா இருக்கு, நம்மகிட்ட அது நெறையவே இருக்கு. நம்ம ஊரு அரிசிம்பருப்பு சாதத்தயே எடுத்துக்கோங்க, காலைல நெய் விட்டு சாப்பிட்டா அதுக்கு ஈடு கெடையாது, அதையே போசில அடைச்சா ஆற ஆற அரிசியும் பருப்பும் இருக்குற தண்ணிய எல்லாம் இழுத்து மத்தியானம் கட்டி கட்டியா நிக்கும், தொண்டைல எறங்காது. அத வீட்ல இருக்குற ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கலாமுங்க.

பழனிக்கு வண்டி கட்டிட்டு போன காலத்துல கட்டுச்சோறு கட்டினவங்க இத நல்லா தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. புளியோட புளிப்புல கிருமி சீக்கிரம் பெருகாது, நல்லெண்ணெய் பருக்கைய ஒட்டவும் விடாது காயவும் விடாது. ஆனா இன்னைக்கு அவசரத்துல நாம பண்றது வேற, குக்கர்ல இருந்து ஆவி பறக்க அள்ளிப்போட்டு மூடிய இறுக்கி அழுத்திடறோம். அந்த ஆவி மூடில தண்ணியா கோத்து திரும்ப சோத்து மேலயே சொட்டும், கெட்டுப் போறது அந்த ஈரத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். சோத்த உதிரியா வடிச்சு பெரிய தாம்பாளத்துல பரத்தி ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு ஃபேனுக்கு அடில வெச்சா நீங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஆறிடும், அப்பறம் புளிக்காய்ச்சல போட்டு கரண்டிக்காம்பால மெதுவா கெளறி, கையில தொட்டா சூடே தெரியாத பதத்துல போசில அடைக்கணும். புளிக்காய்ச்சல் ஞாயித்துக்கிழம எண்ண பிரிய காய்ச்சி வெச்சுட்டா அந்த வாரம் பூரா கவல இல்ல. எலுமிச்சம் சாதம்னா அடுப்ப அணைச்ச பிறகுதான் சாறு விடணும், கொதிக்க விட்டா கசக்கும்.

ராத்திரி சோறு மிச்சம் இருந்தா அதுலயே தாளிச்சு கொண்டு வர்றவங்க எங்க செக்சன்லயே உண்டு, அவங்களுக்காகவே இத எழுதறேன். அரிசில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்குதுங்க, அதோட வித்து சோறு கொதிச்சாலும் சாகாது, சோறு வெளிலயே வெதுவெதுன்னு கெடந்தா மொளச்சு பெருகி விஷத்த உண்டாக்கும், வாந்தி எடுக்க வைக்கிற அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சமைச்சத 5 டிகிரிக்கு கீழ இல்லன்னா 60 டிகிரிக்கு மேல வைக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளில விடக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்மளால அப்படி முடியாது, அதனாலதான் புளிப்பு சேர்ந்தது, தண்ணி இல்லாம வரட்டினது, இந்த ரெண்டுக்குள்ளயே நிக்கணும்னு நான் அடிச்சு சொல்றேன். கறிக்குழம்பு, கோழி, தேங்கா அரைச்சு ஊத்தினது எல்லாம் ராத்திரி வீட்டுக்கு போயி சாப்பிட்டுக்கலாம். ஒன்றரை ஷிப்ட் பாக்குறவங்க பாதிய சாயங்காலத்துக்குனு மிச்சம் வைக்கிறதும் வேண்டாமுங்க, அப்ப ஒரு பொரி உருண்டையோ வாழப்பழமோ போதும்.

தயிர் சோத்துக்கு ஒரு பக்குவம் இருக்கு. சோத்த குழைய மசிச்சு ஆற விட்டு, காய்ச்சி ஆறின பால தாராளமா ஊத்தி தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டு பெசஞ்சா அது பையிலயே உறைஞ்சு ஒரு மணிக்கு புளிக்காத தயிர் சோறா இருக்கும், சித்திர வெயில்ல தயிர இன்னும் கம்மி பண்ணிக்கலாம். கொஞ்சம் தண்ணியாவே பெசையணும், ஏன்னா அது எறுகும்.

இட்லிக்கு தேங்கா சட்னி கட்டி அனுப்பாதீங்க, மத்தியானம் நூல் விட்டுடும். மொளகாப்பொடிய நல்லெண்ணெய்ல கொழச்சு இட்லி ரெண்டு பக்கமும் தடவி வெச்சா ஊறி மெத்துன்னு இருக்கும், அது சூடா சாப்பிடறத விட ஆறினாதான் ருசி. எலுமிச்ச சந்தகையும் அப்படித்தான், ஆனா புழுங்கலரிசி ஆட்டி வேக வெச்சு புழிய வேல நாள்ல யாருக்கு நேரம் இருக்கு, கடைல விக்கிற சேவை பாக்கெட்ட வாங்கிக்க வேண்டியதுதான். கறிவேப்பிலை பொடி, எள்ளுப்பொடி, கொள்ளுப்பொடி மூணும் டப்பால இருந்தா காலைல வடிச்சு ஆறின சோத்துல எண்ண விட்டு பெசஞ்சு அஞ்சு நிமிசத்துல கெளம்பிடலாம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். கலவை சாதம்னாலே சோறும் ரெண்டு அப்பளமும்னு நெனச்சுக்கறோம், எங்க பொம்பளைங்கள்ல பாதி பேரு ரத்தம் கம்மின்னு மாத்திர முழுங்கறவங்க. கூட ஒரு கைப்பிடி தட்டப்பயிறோ கொண்டக்கடலையோ தேங்கா போடாம சுண்டலா வரட்டி, மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சு கொண்டு வரலாம். அந்த புளிப்பு பயிறுல இருக்குற இரும்புச்சத்த ஒடம்பு நல்லா எடுத்துக்க வைக்கும். ஆமா, புளி சாதத்த அலுமினிய போசில வைக்காதீங்க, எவர்சில்வர்தான்.

ஒக்காந்து சாப்பிட எடமும் வேணுமுங்க. 150 பேருக்கு மேல வேல செய்யுற எடத்துல, வீட்ல இருந்து கொண்டு வந்தத சாப்பிட தனி ரூமும் குடிக்க தண்ணியும் வைக்கணும்னு 1948-ல வந்த தொழிற்சாலை சட்டத்துலயே எழுதி வெச்சாங்க. இன்னும் எத்தனையோ எடத்துல துணிக்கட்டு மேலயும் படிக்கட்டுலயும் ஒக்காந்துதான் சாப்பிடறாங்க, கை கழுவ வரிசைல நின்னே பாதி நேரம் போயிடுது. இதையும் உங்க நிருபர அனுப்பி பாத்து எழுதுங்க.

அப்பறம் அந்த லஞ்ச் பாக்ஸ் பக்கத்துல ஒவ்வொரு குறிப்புக்கு கீழயும், பிரிட்ஜ் இல்லாம எத்தன மணி நேரம் தாங்கும், வெயில் காலத்துல எத்தன மணி நேரம், ஆறினா எப்படி இருக்கும்னு உணவு பத்தி படிச்சவங்கள கேட்டு ஒரே ஒரு வரி சேர்த்து போடுங்க.

இப்படிக்கு,
செக்கிங் வேலைல இருக்குற ஒரு வாசகி,
திருப்பூர்