வெள்ளைப் பட்டியலும் தண்ணீர் லாரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு தொழில்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு அனுமதியில் கெடுபிடி குறைவது நல்லது என்று எழுதியிருந்தீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். திருப்பூரில் இருபது வருடம் சாயப்பட்டறை நடத்தியவன் நான். இப்போது மகனுடைய பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1974இல். 1988 திருத்தத்துக்குப் பிறகு, பட்டறை போடுவதற்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்கூட்டி இசைவு வாங்க வேண்டும் என்றானது. வாங்கினோம். பிரேம் போட்டு, ஆபீசில் பிள்ளையார் படத்துக்குக் கீழே மாட்டினோம். சாயத் தண்ணீர் அதுபாட்டுக்கு நொய்யல் ஆற்றில் போனது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை எங்கள் கழிவுக்குத் தொட்டியாகிவிட்டது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வந்தது. 2006இல் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்றது உயர் நீதிமன்றம். 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. எங்களுடையதும் மூடியது. அன்றைக்கு நான் திட்டாத ஆள் இல்லை.

2016இல் தொழில்களை மாசுக் குறியீட்டின்படி, அதாவது எவ்வளவு மாசு என்று போடும் மதிப்பெண்படி, நிறம் பிரித்தார்கள். அப்போது 60ம் அதற்கு மேலும் சிவப்பு, 20 வரை வெள்ளை. சாயமும் சலவையும் இல்லாத பனியன் தயாரிப்பு வெள்ளை. இசைவே வேண்டாம், தகவல் கொடுத்தால் போதும். மகனுக்கு அலைச்சல் மிச்சம், சந்தோஷம்தான். அந்த நீர்ச் சட்டத்தின் 2024 திருத்தத்தில், அதை ஏற்கிற மாநிலங்களில் பல மீறல்களுக்குச் சிறைக்குப் பதில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்றாகிவிட்டது. சரி, அதுவும் இருக்கட்டும்.

ஆனால் "சாயமும் சலவையும் இல்லாத" என்பதை யார் பார்ப்பது? எங்கள் வீதியில் இப்படித் தகவல் மட்டும் கொடுத்த கம்பெனி ஒன்றின் பின்கட்டில் வாஷிங் மெஷின் ஓடுகிறது. சாக்கடையில் நுரை. "ஏனுங்க, இது எங்கிருந்துங்க வருது?" என்று பக்கத்து வீட்டம்மா என்னைத்தான் கேட்கிறார். பழைய சாயக்காரன் ஆச்சே!

ஆபீசர்கள் வாசலுக்கு வாசல் ஏறி இறங்க வேண்டாம். வெள்ளைப் பட்டியல் கம்பெனிகளின் விவரத்தை ஊராட்சியிலும் வார்டு ஆபீசிலும் ஒட்டினால் அக்கம்பக்கத்துக்காரர்களே சொல்லிவிடுவார்கள். தைத்து மடிக்கிற இடத்தில் குடிக்கவும் கக்கூசுக்கும் தவிரத் தண்ணீருக்கு என்ன வேலை? தினம் இரண்டு லாரித் தண்ணீர் இறங்குகிற தையல் கம்பெனிக்குள் மட்டும் வாரியம் ஒரு நடை போய்ப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்