திருப்தியா என்று மட்டும் கேட்டால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், பக்கத்து வீட்டுக்குப் போகவே கார் எடுக்க வேண்டிய ஒரு கிராமத்தில் என் மகள் குடும்பம் வசிக்கிறது. கடந்த குளிர்காலத்தை அங்கே கழித்தேன். சாலையில் பனி அகற்றும் பணியைப் பற்றி அவ்வூர் நகராட்சி குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்பியிருந்தது. கால்வாய்ப் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். புகார் படித்துப் பழகிய கண் என்பதால் ஆவலோடு வாங்கிப் பார்த்தேன்.

பனி அகற்றும் சேவையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி, 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுக. முக்கியக் கேள்வி அவ்வளவுதான்.

மருமகன் 2 போட்டார். அவருக்குச் சாலை மீது கோபமே இல்லை. பனி தள்ளும் லாரி ஒதுக்கிவிட்டுப் போகும் பனி, வீட்டு வாசலுக்குக் குறுக்கே வரப்புக் கட்டியதுபோல் குவிந்துவிடுகிறது. அது இறுகிவிட்டால் மண்வெட்டி இறங்காது. மகள் 4 போட்டாள். அவள் மருத்துவமனை வேலைக்குக் கிளம்புவதற்குள் பெரும்பாலும் லாரி வந்துபோயிருக்கும். ஒரே வீடு, ஒரே சாலை. இரண்டையும் கூட்டிச் சராசரி 3 என்று எழுதி வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி என்ன செய்வார்?

இத்தனைக்கும் அங்கே அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது. நகராட்சிச் சாலைகளுக்கான குறைந்தபட்சப் பராமரிப்பு விதிகள் 2002ஆம் ஆண்டு வந்தவை. போக்குவரத்தின் அளவையும் வேக வரம்பையும் பார்த்துச் சாலைகளை வகை பிரித்திருக்கிறார்கள். முதல் வகைச் சாலையில் பனி 2.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் 4 மணி நேரத்துக்குள் குறைக்க வேண்டும். போக்குவரத்துக் குறைந்த ஐந்தாம் வகை என்றால் 10 சென்டிமீட்டர், 24 மணி நேரம். அந்த நேரக் கணக்கும் பனிப்பொழிவு ஓய்ந்த பிறகுதான் தொடங்குகிறது. தங்கள் சாலை எந்த வகை என்பதே என் மகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. உப்புப் போடவில்லை என்று அக்கம்பக்கத்தார் குறைப்பட்டுக்கொண்டார்கள். குளிர் சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. டயர் வழுக்காமல் இருக்க மணல் தூவுவது அதனால்தான். இவற்றைப் படிவத்தின் தலைப்பில் நான்கு வரியில் அச்சிட்டிருந்தால் பாதிப் புகார் வந்திருக்காது. மீதிப் பாதி உருப்படியாக வந்திருக்கும்.

சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்ற நகரம் வேறு விதமாகக் கேட்டது: யார், எதில், எங்கே போகிறார்கள்? நடந்து போகிறவர்களில் பெண்களே அதிகம் என்று தெரிந்ததும், பெருஞ்சாலை முதலில், நடைபாதை கடைசியில் என்ற பழைய வரிசையை மாற்றிவிட்டார்கள்.

பனியே காணாத சிங்கப்பூரில் இதெல்லாம் எதற்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். நம் அடுக்குமாடி புளோக்குகளுக்கும் படிவங்கள் வருகின்றன, அவையும் நட்சத்திரம்தான் கேட்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கூரையிட்ட நடைபாதைக்குள் சாரல் அடித்துத் தண்ணீர் தேங்குவதை மூன்று நட்சத்திரம் எப்படிச் சொல்லும்? மழை விட்டபின் எவ்வளவு நேரத்தில் வடிய வேண்டும் என்ற இலக்கை முதலில் எழுதுங்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு, நடந்தா சக்கர நாற்காலியிலா என்று பிறகு கேளுங்கள். டிசம்பரிலேயே கேளுங்கள். ஜூன் வெயிலில் கேட்டால் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் கொடுப்பார்கள்.

குடியிருப்புப் பகுதிக் குறைகளைத் தெரிவிப்பதற்கான ஒன்சர்வீஸ் செயலி 2015 முதல் இருக்கிறது. நானும் பயன்படுத்துகிறேன், வசதிதான். ஆனால் விடியற்காலையில் புளோக்கின் கீழ்த்தளத்தைக் கழுவும் ஊழியரிடம் யாரும் படிவம் நீட்டி நான் பார்த்ததில்லை. தண்ணீர் எங்கே நிற்கும், எந்த வடிகால் மூடியில் இலை அடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. வேலையில் இருந்த காலத்தில், புகார்க் கடிதம் கையில் கிடைத்ததும் நான் முதலில் தேடிப் போனது கால்வாயில் இறங்குகிறவரைத்தான்.

கருத்துக் கேட்டு முடித்ததும், எதைச் செய்யப்போகிறார்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதை மின்தூக்கிக்குப் பக்கத்திலுள்ள அறிவிப்புப் பலகையில் நான்கு மொழிகளிலும் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்வாய்ப் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
சிங்கப்பூர்