ரேடாரை மாற்றச் சொல்வதற்கு முன்: கார் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் கார் விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவைக் கவனிக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். கோவையில் எல்லாக் கம்பெனி வண்டிகளும் வந்துபோகும் ஒரு பட்டறையில் எலக்ட்ரிக்கல் வேலை என் பொறுப்பு. அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் பற்றி எழுதுகிறேன். முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டு, தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு அது. அந்த இடைவெளியை வண்டியின் முன்பக்கம் இருக்கும் ரேடார், அலை அனுப்பி அளந்து சொல்லும். 1999இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ரேடாரோடு வந்தபோது அது கோடீஸ்வரர் சமாசாரம். இங்கே 2021 வாக்கில் நடுத்தர விலை வண்டிகளிலும் வரத் தொடங்கியது. அந்த வண்டிகள் இப்போது வாரண்டி முடிந்து, எங்கள் மாதிரிப் பட்டறைகளின் வாசலில் நிற்கின்றன.

வருகிறவர் கையில் பெரும்பாலும் ஷோரூமில் கொடுத்த எஸ்டிமேட் இருக்கும். அதில் ஒரே வரி: முன்பக்க ரேடார் மாற்ற வேண்டும். ஏன் மாற்ற வேண்டும், எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது.

குரூஸ் வேலை செய்யவில்லை என்றால் ரேடார்தான் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்பது உங்கள் இன்ஜினியர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சக்கர வேக சென்சார், ஸ்டீயரிங் கோண சென்சார், பிரேக் சுவிட்ச், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் என்று எல்லாம் ஒழுங்காகப் பேசினால்தான் குரூஸ் ஓடும். ஒரு சக்கர சென்சார் பழுதானால், ரேடார் தன் நினைவில் ‘எனக்கு வரும் தகவல் சரியில்லை’ என்று ஒரு எரர் கோடு (பிழைக் குறியீடு) எழுதி வைத்துக்கொள்ளும். அதை மட்டும் படிப்பவர் ரேடாரையே கழற்றச் சொல்கிறார். அழுகிற பிள்ளை வேறு, அடித்தவன் வேறு.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். குரூஸ் செட் ஆகும். மேடு பள்ளமான ரோட்டில் தானாகக் கழன்றுவிடும். ஷோரூமில் ரேடாருக்கு எஸ்டிமேட் போட்டிருந்தார்கள். நாங்கள் வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது ஓடும்போதே வரும் தகவலை, திறந்து, பிரேக் சுவிட்ச் வரியை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டினோம். பெடலில் கால் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ‘அழுத்தப்பட்டது’ என்று ஒரு கணம் மின்னி மறைந்தது. அந்தச் சுவிட்சுக்குள் இரண்டு தொடர்பு முனைகள். ஒன்று மூடினால் மற்றது திறக்க வேண்டும். இரண்டும் ஒத்துப் பேசவில்லை என்றால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கருதி குரூஸைக் கழற்றிவிடும். பெடலுக்கு மேலே குனிந்து, தலைகீழாகப் படுத்து மாற்ற வேண்டிய சின்ன பிளாஸ்டிக் சாமான். விலை சில நூறு ரூபாய். அதோடு பிரச்சினை முடிந்தது.

‘ரேடாரோடு தொடர்பு இல்லை’ என்று யு0235 எரர் கோடு வந்தாலும் இப்படித்தான். முதலில் ரேடாருக்கு 12 வோல்ட்டும் எர்த்தும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டில், வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயர்கள் வரும் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் பல வண்டிகளில் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பம்பருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டரைச் சுத்தம் செய்ததில் சரியான வண்டிகளும் உண்டு.

இதுவரை சொன்னவை எங்கள் கைக்கு எட்டும் வேலைகள். எட்டாத இடம் ரேடாரின் பார்வைக் கோணம். 77 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் அந்தக் கறுப்புப் பெட்டி ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பினால், 100 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை சுமார் 1.75 மீட்டர் விலகிப்போகும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர். அதாவது சரியாகப் பாதி லேன். பக்கத்து லேனில் போகும் லாரிக்கு வண்டி பிரேக் பிடிக்கும். நேர் முன்னால் இருப்பதைத் தாமதமாகக் கவனிக்கும். சின்னக் கோணலை ரேடார் ஓடும்போதே தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். அதன் எல்லை தாண்டினால்தான் எச்சரிக்கை விளக்கு எரியும்.

கோணலும் பார்வைத் தடையும் எப்படி வருகின்றன? பார்க்கிங்கில் லேசாக ஒரு இடி. பம்பர் பிளாஸ்டிக் பழையபடி உப்பிக்கொள்ளும், உள்ளே ரேடாரைத் தாங்கும் பிராக்கெட் வளைந்தே இருக்கும். டிங்கரிங் கடையில் பம்பரைப் பட்டி பூசி, மெட்டாலிக் பெயின்ட் கனமாக அடித்தால் அலை அதைத் தாண்டிப் போகத் திணறும். வீல் அலைன்மென்டில் பின்சக்கரம் கோணலாக இருந்தால் வண்டி நேராக ஓடும்போதே ரேடார் ஓரமாகப் பார்க்கும். 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட இரும்பு கிராஷ் கார்டுகளைப் பம்பருக்கு முன்னால், ரேடாரின் பார்வைக்குக் குறுக்கே இன்னும் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் சந்தனமும் குங்குமமும் ரேடார் மூடிமேல் காய்ந்திருக்க, ‘சென்சார் அடைபட்டுள்ளது’ என்ற எச்சரிக்கையோடு வரும் வண்டிக்கு ஈரத்துணி போதும். காசு வாங்குவதில்லை.

கோணலைச் சரிசெய்ய சமதளத் தரை வேண்டும், இலக்குப் பலகை வேண்டும். அந்தப் பலகையை எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில், வண்டியின் எந்தக் கோட்டுக்கு நேராக நிறுத்துவது என்ற உங்கள் அளவுகள் வேண்டும். முதல் இரண்டையும் நாங்கள் காசு போட்டு வாங்கிவிடலாம். மூன்றாவதைத்தான் நீங்கள் தருவதில்லை. போதாதற்குப் புதிய வண்டிகள் பலவற்றில் கேட்வேக்கு, அதாவது ஸ்கேனர் வண்டிக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழையும் வாசலுக்கு, பூட்டு வேறு. எரர் கோடைப் படிக்கலாம், அழிக்க முடியாது. கேலிபரேஷன், அதாவது கோணத்தைச் சரிக்கட்டும் மெனு திறக்காது. கோணம் எத்தனை டிகிரி என்று காட்டும் லைவ் டேட்டா வரியையே சில வண்டிகளில் பார்க்க முடிவதில்லை.

‘உயிர் சம்பந்தப்பட்ட சாமான், தெரியாதவர் கை வைக்கக் கூடாது’ என்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் பம்பரைக் கழற்ற உங்கள் பூட்டு தடையாக இல்லையே. தெருமுனைப் பெயின்டிங் கடையில் தினமும் கழற்றுகிறார்கள், மாட்டுகிறார்கள், ரேடார் எங்கே பார்க்கிறது என்று சோதிக்க வழியில்லாமல் வண்டியை வெளியே விடுகிறார்கள். கெடுப்பதற்குப் பூட்டில்லை, சரிபார்ப்பதற்குத்தான் பூட்டு.

நான் கேட்பது புதிதல்ல. ஐரோப்பாவில் பழுதுபார்க்கும் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் மணி, நாள், மாதக் கணக்கில் கட்டணத்துக்குத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே விற்கும் நிறுவனங்கள் தந்துகொண்டுதான் இருக்கின்றன. இங்கேயும் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அப்புறம் வழக்கு மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போனது. பட்டறையில் நிற்கும் எங்களுக்கு ஒன்றும் மாறவில்லை.

இலவசமாக வேண்டாம். ஒரு நாள் கட்டணத்துக்குக் கேலிபரேஷன் அளவுகளையும் பூட்டைத் திறக்கும் அனுமதியையும் கொடுங்கள். யார், எந்த வண்டியில், எப்போது கை வைத்தார் என்று பதிவு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களுக்குப் பயிற்சியும் தேர்வும் வைத்தால் வந்து எழுதுகிறோம். இதற்கெல்லாம் நாளாகும் என்றால், உங்கள் ஷோரூம்களில் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பம்பரோ முன் கண்ணாடியோ கழற்றப்பட்ட ஒவ்வொரு வண்டியின் பில்லிலும், வேலைக்கு முன் ரேடார் கோணம் எவ்வளவு, பின் எவ்வளவு, கேமரா கேலிபரேஷன் முடிந்ததா என்று அச்சிட்டுக் கொடுங்கள். ரேடாரை மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டில் எந்த எரர் கோடு, எந்த அளவு என்று எழுதுங்கள். உங்கள் ஸ்கேனர் திரையில் ஏற்கெனவே தெரிகிற தகவல்தான்.

இப்படிக்கு,
ஒரு பட்டறை எலக்ட்ரீஷியன்,
கோவை