கண்டங்கத்திரிப் பொடி இனி ஏன் கிடையாது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சளி, இருமல் காலம் வந்தால் கண்டங்கத்திரிப் பொடி கேட்டு நிறையப் பேர் வருகிறீர்கள். இனிமேல் எங்கள் கடையில் அது பொடியாகக் கிடைக்காது. காய்ந்த சமூலமாகத்தான் தருவோம். அதாவது வேர், தண்டு, இலை, காய் எல்லாம் சேர்ந்த முழுச் செடி. முள் குத்தும், இடிப்பதும் சிரமம்தான். ஆனால் பொடியாகிவிட்டால் அது என்ன செடி என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. வேறு முட்செடியின் தண்டு கலந்திருந்தாலும் தெரியாது.

முழுசாக இருந்தால் நீங்களே பார்த்து வாங்கலாம். தண்டோடு நிற்காமல் இலை நரம்பின் மேலேயும் முள் இருக்கும். மஞ்சளாக, ஊசி மாதிரி நேராக. தூதுவளை முள் வளைந்திருக்கும், இது வளையாது. பிஞ்சுக் காயில் பச்சையும் வெள்ளையுமாக வரி ஓடும், பழுத்தால் மஞ்சள். காய்ந்த பழத்தை நசுக்கினால் தட்டையான சிறு விதைகள் கொட்டும். கத்தரி, தக்காளி, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் இதன் உறவுதான். தரிசிலும் சாலையோரத்திலும் மற்றச் செடிகள் கருகிய வெயிலிலும் தரையோடு பச்சையாகப் படர்ந்து கிடக்கும்.

பழைய மருந்து இது. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்தான் சிறுபஞ்சமூலம். பதினெண்கீழ்க்கணக்கில் காரியாசான் தம் நூலுக்கு அந்தப் பெயரையே வைத்தார் என்றால், அந்தக் காலத்திலேயே இது எவ்வளவு பழக்கமான மருந்தாக இருந்திருக்க வேண்டும்! ஆயுர்வேதத்தின் தசமூலத்திலும் இது ஒன்று.

நெஞ்சுச் சளிக்கும் இரைப்புக்கும் ஆடாதோடை, சுக்கு, திப்பிலியோடு சேர்த்துக் கஷாயம் வைப்பது வழக்கம். கசப்பாகத்தான் இருக்கும், தேன் கலந்து குடிப்பார்கள். பல்வலிக்கு விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிப்பார்கள். வலி கொஞ்சம் அடங்கலாம், சொத்தை போகாது. பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பாத வெடிப்புக்கு இலைச்சாற்றை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதும் உண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். பச்சைக் காயையோ பழத்தையோ அப்படியே தின்னக் கூடாது. இந்த இனத்துச் செடிகளில் உடம்புக்கு ஆகாத ஆல்கலாய்டுகள் உண்டு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சித்த மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மற்றவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் கஷாயத்தை நம்பி அதை நிறுத்திவிட வேண்டாம். மூச்சு விட முடியாமல் போனால் நேரே ஆஸ்பத்திரிதான்.

சரி, இடிக்க முடியாதவர்கள் என்ன செய்வது? கடையில் உரல் இருக்கிறது. சமூலத்தைப் பார்த்து எடுத்துக் கொடுங்கள், உங்கள் கண் முன்னாலேயே ஒன்றிரண்டாக இடித்துத் தருகிறோம். கஷாயத்துக்கு அது போதும். இடிக்கக் கூலி கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் நாட்டு மருந்துக் கடை