டிராகன் குகைக்கு முதலில் வேண்டியது அது வந்துபோகும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளில் ரசிகர்களே புதிய நிலங்களையும் கதைகளையும் சேர்க்கும் மோட் கலையைப் பற்றித் தங்கள் இளைஞர் இணைப்பிதழில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், நிலத்தடியில் டிராகனின் இருப்பிடத்தை அமைப்பதற்கு அகன்ற கூடமும் பொற்குவியலும் சிவந்த ஒளியும் போதும் என்பதுபோல் அதில் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்கைரிம் விளையாட்டுக்குச் சில ஆண்டுகளாக மோட் செய்துவருபவன் என்ற முறையில், இதைக் கற்கத் தொடங்கும் இளைஞர்களுக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆளுயரக் கதவைத் திறந்து, குறுகலான சுரங்கப் பாதையில் நடந்து, கடைசிக் கூடத்துக்குள் நுழைந்தால் அங்கே ஒரு பெரிய டிராகன் படுத்திருக்கும். பல மோட்களில் காணும் அமைப்பு இதுதான். அந்த விலங்கு எந்த வழியாக உள்ளே வந்தது, இரை தேட எப்படி வெளியே போகிறது என்ற கேள்விகளுக்கு அங்கே விடை இருக்காது. ஸ்கைரிமின் அளவுமுறையில் 128 அலகுகள் ஏறத்தாழ ஆறடி. ஒரு மனிதனின் உயரம்; ஆளுயரக் கதவும் ஏறத்தாழ அவ்வளவே. பறந்து திரிந்த உயிரினங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகிய குவெட்சால்கோட்லஸின் சிறகுகளே விரித்த நிலையில் சுமார் 10 மீட்டர் அகலம் இருந்தன என்னும்போது, அதைவிடப் பருத்த டிராகனுக்கு எத்தகைய வாயில் வேண்டும் என்பதை முதலில் தாளில் வரைந்து பார்க்க வேண்டும். மனிதன் நுழையும் வழியை அதன் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

விளையாட்டின் இயக்க முறையும் இதையே கேட்கிறது. 2011 நவம்பரில் வெளிவந்த ஸ்கைரிமுக்கு, 2012 பிப்ரவரியில் அதை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனம் கிரியேஷன் கிட் என்ற வடிவமைப்புக் கருவியை இலவசமாக வழங்கியது. அதில் குகைகளையும் அறைகளையும் பொதுவாக 'இன்டீரியர் செல்' என்ற மூடிய வெளியாகவே கட்டுகிறோம். டிராகன் பறக்கும் முறையோ திறந்தவெளியை எண்ணி அமைக்கப்பட்டது. மூடிய செல்லில் அது ஒழுங்காக இயங்குவதில்லை. லாபிரிந்தியன் இடிபாடுகளுக்கு உள்ளே வரும் எலும்புக்கூட்டு டிராகன் பறக்காமல் தரையிலேயே நின்று போரிடுவதை விளையாடியவர்கள் அறிவார்கள். ஆனால் பிளாக்ரீச் என்னும் பாதாள நிலப்பரப்பு, கதைப்படி மண்ணுக்கு அடியில் இருந்தாலும், வெளிநிலங்களைப் போலவே 'வேர்ல்ட்ஸ்பேஸ்' என்னும் பரந்த நிலவெளியாகக் கட்டப்பட்டது. அதனால்தான் அங்கே தொங்கும் பெரிய ஒளிக்கோளத்தை நோக்கி ஆட்டக்காரரின் வீரன் தன் குரல் ஆற்றலால் முழங்கும்போது வுல்துர்யோல் என்ற டிராகன் தோன்றிப் பறக்க முடிகிறது. ஆகவே, தன் டிராகன் பறக்க வேண்டுமா, நடந்தால் போதுமா என்பதை முதல் கல்லை வைப்பதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். பறக்க வேண்டும் என்றால், அது வந்து அமரும் பாறை முனைகளையும் இறங்கும் இடங்களையும் வடிவமைப்பாளரே குறித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கற்பனை விலங்குக்கு உண்மையான குகை இலக்கணம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். விலங்கு கற்பனையாக இருப்பதால்தான் அதைச் சுற்றியுள்ள கல்லும் காற்றும் நம்பும்படி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வியட்நாமின் குவாங் பின் பகுதியில் உள்ள சோன் டூங் குகையைப் பாருங்கள். 2009இல் பிரிட்டிஷ் குகை ஆய்வாளர்கள் அளந்த அந்தக் குகையின் முதன்மைப் பாதை சில இடங்களில் 200 மீட்டர் உயரம் வரை எழுகிறது. கூரை இடிந்து விழுந்த இரண்டு பள்ளங்களின் வழியாக வெயில் உள்ளே இறங்கி, குகைக்குள்ளேயே காடு வளர்ந்திருக்கிறது. டிராகனின் வான்வழியாக இதைவிடப் பொருத்தமான ஓர் அமைப்பை நான் கண்டதில்லை. அத்திறப்பு ஒளியையும் தருகிறது, தப்பிக்கும் வழியையும் காட்டுகிறது, போரின் நடுவே டிராகன் மேலெழுந்து மறைந்து மீண்டும் பாய்வதற்கும் இடம் கொடுக்கிறது.

காற்றையும் மறக்கக் கூடாது. தாழ்விலும் உயரத்திலுமாக இரண்டு வாய்கள் உள்ள குகை மூச்சுவிடும். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்று மேல்வாய் வழியே வெளியேற, கீழ்வாய் குளிர்காற்றை இழுத்துக்கொள்ளும். கோடையில் இது தலைகீழாகும். தீயை உமிழும் விலங்கு மூடிய அறையில் வாழ்வதாகக் காட்டுவதைவிட, இத்தகைய காற்றோட்டத்தின் பாதையில் அதன் படுக்கையை அமைப்பது எவ்வளவோ மேல். மேல்வாயை நோக்கிச் செல்லச் செல்லக் காற்றின் ஓசை வலுப்பதாக ஒலி அமைத்துவிட்டால், திசைகாட்டி அம்பு இல்லாமலேயே ஆட்டக்காரர் வழி கண்டுகொள்வார்.

குடியிருப்பின் தடயங்களில்தான் இந்தக் கலையின் இன்பமே இருக்கிறது. ஆஸ்திரியாவின் மிக்ஸ்னிட்ஸ் ஊருக்கு அருகில் 'டிராகன் குகை' என்றே பெயர் பெற்ற ஒரு குகை உள்ளது. அங்கே குவிந்து கிடந்த எலும்புகளை டிராகனுடையவை என்று முன்னோர் நம்பினர். அவை குகைக்கரடிகளின் எலும்புகள். ஐரோப்பாவின் குகைக்கரடிகள் தலைமுறை தலைமுறையாக உடலை உரசிச் சென்ற குறுகிய இடங்களில் பாறை வழவழப்பாகத் தேய்ந்திருப்பதை இன்றும் காணலாம். நம் டிராகன் குகையிலும் அதன் தோள் உயரத்தில் சுவர் மெருகேறியிருக்கட்டும். அடிக்கடி திரும்பும் மூலையில் நகக்கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கட்டும். கூரையில் கரி படிந்திருக்கட்டும். எலும்புகளை அறை முழுவதும் தூவாமல், அது இரை தின்னும் ஓரிடத்தில் குவித்து வைக்கலாம். இவற்றைக் கண்டுவரும் ஆட்டக்காரர், டிராகனைப் பார்ப்பதற்கு முன்பே அதன் உடலளவையும் பழக்கங்களையும் கணித்துவிடுவார்.

சிவந்த ஒளிக்கும் காரணம் வேண்டும். எரிமலைக் குழம்போ கூரைத் திறப்போ தீப்பற்றிய பொருளோ இல்லாத இடத்தில் சிவப்பு விளக்கைத் தொங்கவிடுவது எளிது. ஆனால் அது உடனே பொய்யாகத் தெரியும். ஒரே பாறைத்துண்டின் மேல் பல விளக்குகளைக் குவித்தால் ஸ்கைரிமில் ஒளி நடுங்கவும் செய்யும். மெக்சிகோவின் நைகா சுரங்கத்தில் 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட படிகக் குகை, நிலத்தடி வெப்பத்தால் 58 டிகிரி செல்சியஸ் வரை கொதித்த இடம். ஆயினும் அங்கே சிவப்பு இருக்கவில்லை, பதினொரு மீட்டர் வரை நீண்ட வெளிறிய படிகங்களே நின்றன. பொற்குவியலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருந்தால் அது டிராகனின் எடையில் நசுங்கி, படுத்த வடிவத்துக்குக் குழிந்திருக்க வேண்டும்.

தங்கள் இணைப்பிதழில் இப்பொருள் பற்றி மீண்டும் எழுதும்போது, முடிந்த குகையின் கண்கவர் படத்தோடு, அதன் குறுக்குவெட்டுத் தாள்வரைவையும் அருகில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிராகன் வரும் வழி, மனிதன் வரும் வழி, காற்று செல்லும் வழி ஆகிய மூன்றையும் அவ்வரைவில் குறித்துக் காட்டினால், மோட் செய்ய விரும்பும் மாணவர்கள் அதைப் பார்த்தே தங்கள் முதல் குகையைத் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்