கூடுகளை எண்ணுங்கள்: கனடாவின் கடற்றொழில் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

கனடாவின் கிழக்குக் கரைப் பழங்குடியினரான மிக்மாக் மக்களில் ஒருவர் டொனால்ட் மார்ஷல். அவர் 1993இல் பிடித்த விலாங்கு 463 இறாத்தல். அதை விற்றதில் கிடைத்தது 787 டொலர். அதற்காக அவர்மீது தொடரப்பட்ட வழக்கில்தான், பிரித்தானிய அரசுடன் செய்துகொண்ட 1760–61 ஒப்பந்தங்களின்படி மிக்மாக் மக்கள் மீன்பிடித்து விற்று மிதமான வாழ்வாதாரம் தேடிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999 செப்டெம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. அந்த மிதமான வாழ்வாதாரத்துக்குச் சிங்கி இறால் பிடிக்க எத்தனை கூடு (கடலில் இறக்கும் பொறி), எந்த மாதம் என்பதை உங்கள் அமைச்சு தீர்த்துவைக்காமல் இழுத்தடித்ததன் விலையைத் துறைமுகங்கள் கொடுத்துவிட்டன.

நோவா ஸ்கோசியா மாகாணத்தின் சென்ட் மேரிஸ் விரிகுடாவையே பாருங்கள். 2020 செப்டெம்பரில் மிக்மாக் மக்களின் சிபெக்னேகாடிக் சமூகம் தன் சிங்கி இறால் தொழிலுக்குத் தொடக்கத்தில் வழங்கிய உரிமம் 7, ஒவ்வொன்றுக்கும் 50 கூடு. மொத்தம் 350. அந்த விரிகுடா அடங்கும் 34ஆம் இறால் பிடிப்பு வலயத்தில் ஒரேயொரு வணிக உரிமத்துக்கே பருவத் தொடக்கத்தில் 375 கூடு. அப்படி 900க்கும் மேற்பட்ட உரிமங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒக்டோபர் 13 இரவு மிடில் வெஸ்ட் பப்னிக்கோவில் மிக்மாக் மக்களின் சிங்கி இறால் வைத்திருந்த கட்டடத்தைக் கும்பல் சூழ்ந்தது. நான்கு நாளில் அது தீக்கிரையானது. அதற்கு எந்தக் கணக்கும் நியாயமாகாது.

அதற்காக வணிக மீனவர்களின் கவலையைப் பொய் என்று தள்ளவும் மாட்டோம். அவர்களின் பருவம் நவம்பர் கடைசித் திங்கட்கிழமை முதல் மே 31 வரை. கோடையில் இறால் ஓடு கழற்றும். புது ஓடு இறுகும்வரை உள்ளே சதை குறைவு, நீர்தான் அதிகம். கையாளும்போது காயப்படும், தொட்டியில் வைத்தால் எளிதில் சாகும். 350 கூடு வலயம் முழுவதற்கும் சொற்பம். ஆனால் இறால் ஓடு கழற்றவும் இணைசேரவும் வந்து கூடுகிற ஒரு விரிகுடாவில், அந்த மாதங்களில் சில ஆயிரம் கூடு இறங்கினால் கதை வேறு. எனவே வரம்பை வலயத்துக்கு மட்டுமல்ல, விரிகுடாவுக்கும் மாதத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும். இறாலின் இரத்தத்தில் ஒரு துளி எடுத்து ரிஃப்ராக்டோமீட்டர் என்ற ஒளிவிலகல் அளக்கும் சிறு கருவியில் வைத்தால் புரத அளவு தெரியும், ஓடு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதும் தெரியும். இதைப் படகுத்துறையிலேயே, இரு தரப்பும் பார்க்கச் செய்யலாம்.

வணிகப் பருவத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் உங்கள் அமைச்சு அறிவித்தது. டிசம்பர் கடலில் சிறு திறந்த படகை இறக்கச் சொல்வது உயிரோடு விளையாடுவது. பெரிய படகு வாங்க முடியாதவருக்கு அந்த உரிமை காகிதத்தில்தான் மிஞ்சும். பாதுகாப்புக்காக ஒப்பந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை அரசு நியாயப்படுத்திக் காட்ட வேண்டும் என்று அதே 1999 நவம்பரில் நீதிமன்றம் விளக்கியதை நினைவூட்டுகிறோம்.

இன்னொரு முடிச்சு விற்பனையில் இருக்கிறது. கூட்டாட்சி அரசின் வணிக உரிமம் இல்லாதவர் பிடித்த இறாலை வாங்க நோவா ஸ்கோசியாவின் கொள்வனவு விதிகள் இடம் கொடுப்பதில்லை. பழங்குடியினர் தம் உணவுக்கும் சடங்குக்கும் என்ற அனுமதியில் பிடிப்பதை விற்கவே கூடாது. வாழ்வாதாரத்துக்குப் பிடித்தவர் எங்கே போய் விற்பார்? சரக்கு இருட்டில் கைமாறுகிறது, எடைச்சீட்டு எழுதப்படுவதில்லை. பிறகு எவ்வளவு பிடிபட்டது என்று ஆளுக்கொரு எண் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். மாகாணத்துடன் பேசி, சமூகம் வழங்கிய உரிம எண்ணோடு வரும் இறாலை வெளிப்படையாக வாங்க வழி செய்யுங்கள். எடைச்சீட்டின் ஒரு பிரதி சமூகத்துக்கு, ஒன்று உங்கள் அலுவலகத்துக்கு.

கூடுகளின் மொத்த எண்ணிக்கையை உயர்த்தாமலும் மிக்மாக் மக்களுக்கு இடம் கொடுக்கலாம். 2021இல் அகேடியா, ஆனாபோலிஸ் வாலி, பெயர் ரிவர், குளூஸ்காப் ஆகிய மிக்மாக் சமூகங்களுடன் 3,500 கூடுகளுக்கு உடன்பாடு கண்டது அப்படித்தான். ஓய்வுபெறும் மீனவர் தாமாக விற்கும் உரிமத்தை நல்ல விலைக்கு வாங்கி, அதன் கூடுகளை மாற்றிக் கொடுங்கள். சிபெக்னேகாடிக் சமூகத்துடனும் அதே மேசையில் அமருங்கள். கோடை மாதங்களுக்கான கூடுகளின் எண்ணிக்கையை அவர்களோடு சேர்ந்து எழுதி, அடுத்த கூடு கடலில் இறங்கும் முன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அட்லாண்டிக் கடற்றொழிலைத் தொடர்ந்து கவனித்துவரும் கனடியத் தமிழர்கள்